கூரையில்லாத கார், ஒகேனக்கல் ரோடு

ஸ்போர்ட்ஸ் கார் என்றவுடன் சிவப்பு ஃபெராரிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். கோடியில் விலை, போஸ்டரில் மட்டும் பார்க்கலாம். இந்தப் பதிவில் வருவது அந்த ரகம் இல்லை. சேஸி ஒரு பக்கம், இன்ஜின் ஒரு பக்கம், ஃபைபர் பாடி இன்னொரு பக்கம் என்று பாகம் பாகமாக வந்து இறங்கும். வாங்கியவர் மாதக்கணக்கில் ஷெட்டில் கிரீஸ் பூசிக்கொண்டு, தானே நட்டு முடுக்கிக் கட்டி ஓட்ட வேண்டும். கிட் கார் என்பார்கள்.

இந்த வகைக்கு மூலவர் இங்கிலாந்தில் 1957-ல் வந்த லோட்டஸ் செவன். அதைச் செய்த காலின் சாப்மன் என்ற மனுஷருக்கு எடை என்றாலே ஆகாது. எதைக் கழற்றிப் போட்டாலும் கார் ஓடுமோ, அதைக் கழற்றிப் போட்டுவிடுவார். கதவு கிடையாது. கூரை என்று பார்த்தால் மழைக்கு ஒரு துணி மூடி. முதல் செவனில் இருந்தது 1172 சி.சி. ஃபோர்டு இன்ஜின், சக்தி ஏறத்தாழ 40 குதிரை. நம்ம மாருதி 800-க்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! ஆனால் மாருதி 650 கிலோ, செவன் 500 கிலோவுக்கும் கீழே. அந்த வித்தியாசம்தான் விளையாட்டே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காலத்தில் பிரிட்டனில் முழுக் காராக வாங்கினால் பர்ச்சேஸ் டாக்ஸ், பாகமாக வாங்கினால் கிடையாது. ஆனால் எப்படிக் கட்டுவது என்று சொல்லும் புத்தகத்தைக் கூடவே கொடுக்கக்கூடாது என்று விதி. லோட்டஸ்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், 'எப்படிக் கழற்றுவது' என்று ஒரு புத்தகம் கொடுத்தார்களாம். வாங்கியவர் அதைக் கடைசியிலிருந்து படித்துக்கொள்ள வேண்டியது :-) 1973-ல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. அதே வருடம் செவனின் உரிமை கேட்டர்ஹாம் என்ற கம்பெனியின் கைக்கு மாறியது. அவர்கள் இன்றும் கிட்டாக விற்கிறார்கள்.

நம்ம ஊருக்கு வருவோம். 1998-ல் சான் ஸ்டார்ம் என்று ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. ஃபைபர் உடம்பு, ரெனோவின் சின்ன இன்ஜின். பார்க்க அழகு, ஓட்டம் சுமார். அதைவிடச் செவனுக்கு நெருக்கமானது சிங்காரா ரோட்ஸ்டர். பெயர் மட்டும் மானுடையது. இன்ஜின் எங்கிருந்து தெரியுமா? காண்டசாவிலும் அம்பாசடரிலும் ஓடிய இசுசூ 1.8 லிட்டர். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையை மெதுவாக இழுத்துக்கொண்டு போன அதே இன்ஜினைக் கொண்டுவந்து, ஒல்லியான ஃபைபர் உடம்பில் வைத்தால் அது வேறு ஆள் ஆகிவிடுகிறது.

சரி, இப்படி ஒரு வண்டியைப் பெங்களூரிலோ ஓசூரிலோ வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே போவார்? நந்தி மலையில் கூட்டம். தெற்கே இறங்கினால் ஒகேனக்கல். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வரை நெடுஞ்சாலை. தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர்.

நெடுஞ்சாலை இந்த வண்டிக்கு ஏற்ற இடம் இல்லை. உட்கார்ந்திருப்பவரின் தலை லாரியின் சக்கர நட்டு உயரத்தில் இருக்கும். லாரி டிரைவர் கண்ணாடியில் பார்த்தால் பக்கத்தில் ஒன்றுமே தெரியாது. அதனால் லாரிக்குப் பக்கவாட்டில் ஒட்டிப் போகவே கூடாது, ஒன்று முழுசாகத் தாண்டிவிட வேண்டும் அல்லது பின்தங்கிவிட வேண்டும். காற்று முகத்தில் அறையும். நூறைத் தாண்டினால் பக்கத்து சீட்டுக்காரருடன் பேச்சு நின்றுவிடும். ஃபாஸ்டேக் வந்ததில் ஒரு நிம்மதி, டோல்கேட்டில் எழுந்து நின்று காசு நீட்ட வேண்டாம்.

அடுத்த எதிரி வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் எந்தக் காரும் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும். ஆனால் ஊர்க்காரர்கள் ஒரு விபத்துக்குப் பிறகு கோபத்தில் போட்ட தடைக்கு எந்த அளவும் கிடையாது. இந்த வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது. நேராக ஏறினால் அடி தட்டும். அதனால் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக, மாடு வாய்க்கால் தாண்டுகிற மாதிரி தாண்ட வேண்டும். பின்னால் வருகிற டவுன் பஸ்ஸின் ஹாரனைக் காதில் வாங்கக்கூடாது.

பென்னாகரத்தில் டீக்கு நிறுத்தினால் இரண்டு நிமிடத்தில் கூட்டம் கூடிவிடும். எல்லா ஊரிலும் இதே மூன்று கேள்விதான். என்ன விலை, எவ்வளவு மைலேஜ், வீட்டிலேயே செஞ்சதா சார்? மூன்றாவது கேள்விக்கு 'ஆமா' என்று சொல்ல முடிந்தால், அதற்கப்புறம் கேட்பவரின் முகமே மாறும். உடனே பானெட்டைத் திறக்கச் சொல்வார். மெர்சிடிஸ்காரருக்குக் கிடைக்காத மரியாதை இது.

பென்னாகரத்தைத் தாண்டி ரோடு காட்டுக்குள் இறங்க ஆரம்பிக்கும். சும்மா சொல்லக்கூடாது, வண்டி பிறந்ததே இந்த ரோட்டுக்காகத்தான் என்று தோன்றும். கொண்டை ஊசி வளைவில் நாற்பதுக்கு மேல் போக வழியில்லை, போகவும் கூடாது (குரங்கும் பஸ்ஸும் எந்த வளைவில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது). ஆனால் அந்த நாற்பது, பெரிய காரில் போகிற நாற்பது இல்லை. முன்சக்கரம் இரண்டும் கண்ணெதிரே திரும்புவது தெரியும். தார் எங்கே சொரசொரப்பு, எங்கே மணல் என்று ஸ்டீயரிங் கையில் சொல்லும். ஈர மண் வாசனை, சூடான பிரேக் வாசனை இரண்டும் சேர்ந்து வரும். பெரிய காரில் இதே சந்தோஷம் கிடைக்க 120-ல் போக வேண்டும், அதற்குள் போலீஸோ எமனோ யாராவது ஒருவர் வந்துவிடுவார். எடை குறைந்த வண்டியின் ரகசியமே இதுதான், குறைந்த வேகத்திலேயே முழு விருந்து.

கீழே அருவிப் பக்கம் நிறுத்துவதில் ஒரு பிரச்சினை உண்டு. கூரை இல்லாத காரும் ஒகேனக்கல் குரங்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? ஒருவர் பரிசல் ஏறினால் இன்னொருவர் காவல். மீன் வறுவலைக் காருக்குள் வைத்துச் சாப்பிடலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

பரிசலையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூங்கில் பின்னல், முன்பு மேலே தோல், இப்போது பிளாஸ்டிக் ஷீட். ஓட்டை விழுந்தால் கரையிலேயே கவிழ்த்துப்போட்டு ஒட்டிவிடுவார்கள். ஓட்டுகிறவருக்குத் தன் வண்டியின் எந்தப் பட்டை எங்கே போகிறது என்று தெரியும். ரோட்ஸ்டர்காரரும் பரிசல்காரரும் பேச உட்கார்ந்தால் விஷயத்துக்குப் பஞ்சம் இருக்காது.

இனி டிராக். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறந்த ஓடுதளம், 3.7 கிலோமீட்டர். பந்தயம் இல்லாத நாட்களில் 'டிராக் டே' நடக்கும்போது காசு கட்டி ஓட்டலாம். ஹெல்மெட் கட்டாயம், தலைக்குப் பின்னால் உறுதியான ரோல் பார் இல்லாமல் இந்த மாதிரி வண்டியில் இறங்கவே கூடாது. நேர்கோட்டில் பெரிய கார்கள் விர்ரென்று தாண்டிப் போகும். செவன் வடிவம் காற்றில் செங்கல் மாதிரி, வேகம் ஏற ஏறக் காற்றே பிடித்து நிறுத்தும். ஆனால் வளைவு வந்ததும் பெரியவர்கள் சீக்கிரமே பிரேக் போடுவார்கள், சின்னது தாமதமாகப் போட்டு உள்ளே நுழைந்துவிடும். எடை இல்லாததால் பிரேக்கும் டயரும் சீக்கிரம் களைக்காது. அன்று மாலை அதே வண்டியில் வீட்டுக்கும் ஓட்டிக்கொண்டு போகலாம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. சாதாரண மோட்டார் இன்சூரன்ஸில் பந்தயம், வேகச் சோதனை எல்லாம் விலக்கு. சுவரில் முட்டினால் செலவு முழுக்க ஓனருடையது.

கையால் கார் கட்டுவது என்றால் தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் எஸ். கரிவரதனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1980களின் இறுதியில் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். ஃபார்முலா மாருதி. கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை இல்லாதவர்களும் பந்தயத்துக்கு வர அதுதான் வழியைத் திறந்தது. 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயனும் ஆரம்பத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான். கரிவரதன் 1995-ல் சின்ன ரக விமானம் விழுந்து இறந்தார். செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் வந்தது.

ஆனால் அவர் கட்டியவை டிராக்குக்கு. ரோட்டுக்கு ஒருவர் தானே கார் கட்டினால்? இங்கேதான் சிக்கல். மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி வண்டி தயாரிப்பவர் மாதிரி வண்டியைச் சோதனை நிலையத்துக்குக் கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். லட்சம் கார் விற்கிற கம்பெனிக்கு அந்தச் செலவு தூசு, ஒரே ஒரு கார் கட்டுகிறவருக்கு அது காரின் விலையையே தாண்டிவிடும். இருக்கிற காரை மாற்றலாம் என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. வெல்டிங் விட்டுப்போன கார் எதிரே வந்தால் சாவது அடுத்தவர் ஆயிற்றே. ஆனால் பிரிட்டனில் வீட்டில் கட்டிய ஒற்றை வண்டிக்கென்றே ஒரு பரிசோதனை இருக்கிறது. பிரேக், விளக்கு, புகை, கூரான விளிம்பு எல்லாம் பார்ப்பார்கள். தேறினால் நம்பர் பிளேட், தேறாவிட்டால் திருத்திக்கொண்டு திரும்ப வர வேண்டும். சோதனை நிலையம் நமக்கும் ஒரகடத்திலேயே இருக்கிறது. ஒற்றை வண்டிக்காரருக்குக் கட்டுப்படியாகும் ஒரு வழிதான் இல்லை.

கட்டத் தெரிந்த ஆட்களுக்கும் குறைவில்லை. 2017-லிருந்து பல ஆண்டுகள் அதே கரி ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டி நடந்திருக்கிறது. இன்ஜினியரிங் மாணவர்கள் சேஸி வெல்டிங்கிலிருந்து தாங்களே செய்த கார்களைக் கொண்டுவந்து ஓட்டுவார்கள். ராத்திரி முழுக்க ஷெட்டில் தூங்காமல் கிடந்த கண்கள், கையெல்லாம் கிரீஸ். ஓடி முடிந்ததும் காரை கேட்டுக்கு வெளியே ஓட்டிக்கொண்டு போக முடியாது. கயிறு கட்டி லாரியில் ஏற்ற வேண்டியதுதான்.