தோத்தா இறங்குவாங்களா?

2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தல் முடிஞ்சு ரெண்டு நாள். மாமாவும் நானும் குருக்கள்மடம் துறையில அம்பிளாந்துறைப் பாதைக்குக் காத்து நின்றோம். நான் நல்ல சந்தோசத்தில இருந்தேன். தேசிய மக்கள் சக்திக்கு 159 ஆசனம். 22 தேர்தல் மாவட்டத்தில 21 அவர்களுக்கு. நம்மட மட்டக்களப்பு மட்டும் தமிழரசுக் கட்சியோடு நின்றது. நான் போட்டது திசைகாட்டிக்கு. அதை மாமாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

மாமா பழைய இடதுசாரி. “மனே, வெண்டதப் பாக்காத. தோத்தா இறங்குவானுகளா எண்டு பாரு” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. 1971இலும் 1987-89இலும் ஆயுதம் எடுத்த ஜேவிபி இன்று வாக்குப் பெட்டியால்தானே வந்திருக்கு? “பிராக்கில 1968ல கம்யூனிஸ்ட் கட்சியே தணிக்கையை நீக்கினதுதானே மாமா?” என்றேன். “மறுகா டாங்கி வந்திச்சே, அதையும் சொல்லு. பிராக் தூரம். முதல்ல கொல்வினைப் படி” என்றார்.

படித்தேன். கொல்வின் ஆர். டி சில்வா, லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர்களில் ஒருவர். ஒரு மொழி என்றால் நாடு இரண்டாகும் என்று 1956இல் எச்சரித்தவர். 1972 குடியரசு யாப்பைக் கொண்டுவந்த அமைச்சரும் அவரேதான். அந்த யாப்பில் சிங்களம் மட்டுமே அரச கரும மொழி. பௌத்தத்துக்கு முதன்மை இடம். சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு இல்லாமல் போனது. இன்னொன்றும் நடந்தது. 1970இல் ஐந்து வருசத்துக்குத் தெரிவான பாராளுமன்றம், அதே யாப்பால் தன் ஆயுளை 1977 வரை நீட்டிக்கொண்டது. அந்த வருசப் பொதுத்தேர்தலில் சமசமாஜக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஓர் ஆசனம்கூடக் கிடைக்கவில்லை.

மறுபக்கம் மேற்கு வங்கம் இருக்கு. 1977இலிருந்து 34 வருசம் ஆண்ட இடது முன்னணி, 2011இல் தோற்றதும் இறங்கிப் போனது. ஆனா அங்கே தேர்தல் ஆணையமும் உச்ச நீதிமன்றமும் கட்சியின் கையில் இருக்கவில்லை. கொழும்பில் யாப்பையே எழுதும் பேனா கையில் இருந்தது. வித்தியாசம் அதுதான் என்று நினைக்கிறேன். மார்க்ஸ் என்ன எழுதினார் என்பதைவிட, அடுத்த தேர்தல் திகதியை யார் தீர்மானிக்கிறார் என்பதுதான் கேள்வி. அந்தப் பேனா கையில் இருந்தால் எந்தக் கட்சிக்கும் ஆசை வரும். சமத்துவம் பேசும் கட்சிக்கு “மக்களுக்காகத்தான்” என்று ஒரு நல்ல காரணமும் கிடைத்துவிடும்.

போட்ட வோட்டுக்காக நான் வருத்தப்படவில்லை. ஆனா கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது. நான் வோட்டுப் போட்ட நாளில் ஏழு வருசமாகத் தேர்தல் இல்லை. அதைத் தள்ளிப்போட்டபோது ஆட்சியில் இருந்தவர்கள் தேசிய மக்கள் சக்தியினர் இல்லை என்பது உண்மை. ஆனா இப்போ மூன்றில் இரண்டுக்கு மேல் வைத்திருப்பவர்கள் அவர்கள். வோட்டுப் போட்ட நான்தான் அதை முதலில் கேட்க வேணும்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். “கேளு மனே. சத்தமாக் கேளு” என்றார்.