எத்தனை பிளைண்டுக்கு ஏற்றுவது?

ஆன்லைன் போக்கரில் ஃப்ளாப் என்ற முதல் மூன்று பொதுச் சீட்டுகள் விரிவதற்கு முன் போடும் முதல் ரெய்ஸைக் கையில் வந்த சீட்டைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. என் இருக்கை எது, எனக்குப் பின்னால் யார் யார் ஆட இருக்கிறார்கள் என்பதுதான் தொகையைச் சொல்ல வேண்டும். அதனால் பொதுவாக இரண்டரை பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்குமுன் கட்டாயமாக வைக்கப்படும் பிக் பிளைண்ட் தொகையைப் போல் இரண்டரை மடங்கு, என்று முன்கூட்டியே திரைப் பொத்தானில் அமைத்துவிடுவேன்.

சிவகாசிக்காரர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பட்டாசு விலைப்பட்டியலில் 80 சதவீதம் தள்ளுபடி போட்டால் வருகிற ஆள் வேறு, 50 போட்டால் வருகிற ஆள் வேறு. ரேட்தான் ஆளைப் பொறுக்குகிறது.

ஸ்மால் பிளைண்ட் 5, பிக் பிளைண்ட் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் விலகி, ஆட்டம் பட்டன் என்ற, பிளைண்டுகளுக்கு முந்தைய இருக்கையில் இருக்கும் என்னிடம் வருகிறது. நடுவில் பந்தயமாகக் கிடப்பது 15 ரூபாய். 30க்கு ஏற்றினால், மூன்றுக்கு இரண்டு தடவையாவது மிச்ச இருவரும் சீட்டைப் போட்டால்தான் அந்த ஏற்றம் மட்டுமே கையைக் கடிக்காது. 20 என்றால் நூற்றுக்கு 57 தடவை போதும். ஆனால் 20 போட்டால் பிக் பிளைண்டுக்கும் மலிவு. இன்னும் 10 வைத்தால் 35 ரூபாய்க்குப் போட்டி போடலாம். 22 சதவீத வாய்ப்பு இருந்தாலே அவருக்குக் கட்டுப்படியாகும். 30 என்றால் அவருக்கு 31 சதவீதம் வேண்டும். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் நிற்கும் தொகையைத் தேடுவதுதான் எனக்கு இந்த ஆட்டத்திலேயே பிரியமான வேலை.

சின்ன மேசைகளில் வெறுமனே 10 ரூபாய் வைத்து உள்ளே வருகிறவர்கள் அதிகமாக இருந்தார்கள். அப்படி வந்த ஒவ்வொருவருக்கும் மூன்று பிளைண்டுக்கு மேல் ஒன்று கூட்டுவேன். இருவர் வந்திருந்தால் 50.

பேப்பர் கடைத் தம்பி ஒருவன், சீட்டைப் பார்த்துத் தொகையை மாற்றக் கூடாது என்பதை ஒப்புக்கொள்ளவே மாட்டான். “ஏஸ் ஜோடி வந்திருக்கு அண்ணாச்சி, இதுக்கும் ரெண்டரைதானா?” என்பான். 60க்கு ஏற்றுவான். அவன் 60 போட்டால் என்ன சீட்டு என்று மேசைக்கே தெரியும். எல்லோரும் விலக, ஆட்டத்தின் மிகச் சிறந்த சீட்டுக்குக் கிடைப்பது அதே 15 ரூபாய்தான்.

இதெல்லாம் காசு வைத்து ஆடிய காலத்துக் கதை. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தமிழக அரசின் தடைப் பட்டியலிலிருந்து விலக்கியது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டத்தோடு, இந்தியா முழுவதும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் மேசைகள் நின்றன. கடனில் மூழ்கிய குடும்பங்களை எங்கள் பக்கத்திலும் பார்த்தவன் என்பதால், அந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இலவச சிப் மேசையில் இந்தக் கணக்கு நிற்பதில்லை. மூன்று பிளைண்ட் போட்டாலும் எட்டுப் போட்டாலும் நான்கு பேர் வருகிறார்கள். ஆகவே கடை அடைத்தபின் தம்பியும் நானும் காசில்லாமல் சீட்டுக்கட்டை விரித்து, ஒவ்வோர் இருக்கைக்கும் தொகை எழுதிப் பார்க்கிறோம். ஸ்மால் பிளைண்டில்தான் இன்னும் வாக்குவாதம். ஃப்ளாப்புக்குப் பிறகு முதலில் ஆட வேண்டிய மோசமான இருக்கை அது. மூன்று போதும் என்கிறான் அவன். மூன்றரையாவது வேண்டும் என்கிறேன் நான்.