ஐந்தாம் நாள் கையெழுத்து

ஃபிலடெல்ஃபியாவில் ஓடும் ஆற்றின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தால் வாயில் நுழையாது. ஊர்க்காரர்கள் சாதாரணமாக ‘ஸ்கூக்கில்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஊருக்கு வருகிறவர்களெல்லாம் விரிசல் விட்ட சுதந்திர மணியைப் பார்க்கப் போக, நான் ஆற்றைத் தாண்டி மேற்கே நடந்தேன். அங்கேதான் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையும் அதை ஒட்டிக் குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கின்றன. வாசலில் தள்ளுவண்டிக் காபி. கோயில் வாசலில் நிற்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றேன்.

2012 ஏப்ரலில் ஆறு வயது எமிலி வைட்ஹெட் இந்தக் குழந்தைகள் மருத்துவமனையில் படுத்திருந்தாள். ரத்தப் புற்றுநோய், கீமோதெரபிக்குப் பிறகும் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. அவள் ரத்தத்திலிருந்தே நோயை எதிர்க்கும் டி செல்களைப் பிரித்தெடுத்து, புற்று செல்லை அடையாளம் காணவைக்கும் மரபணுவை அவற்றுக்குள் புகுத்தினார்கள். அதைச் சுமந்துபோன வண்டி, பல் பிடுங்கப்பட்ட எச்.ஐ.வி. வைரஸ்! பெருக்கிய செல்களை அவளுக்கே திருப்பி ஏற்றினார்கள். ‘கார்-டி’ எனப்படும் இந்தச் சிகிச்சை பெற்ற முதல் குழந்தை அவள்தான்.

பிறகு வந்தது காய்ச்சல். செல்கள் வேலையைத் தொடங்கிவிட்டன, ஆனால் உடம்பு தாங்கவில்லை. வென்டிலேட்டரில் கிடந்தாள். ரத்தப் பரிசோதனையில் இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் தாறுமாறாக ஏறியிருந்தது. ஆய்வுக்குழுவின் தலைவர் கார்ல் ஜூனுக்கு அதை அடக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்து தெரிந்திருந்தது. எப்படி? அவர் மகளுக்குச் சிறுவயது மூட்டுவாதம். அதற்கான மருந்து அது. ஆய்வகத்தில் படித்ததைவிட, அப்பாவாகத் தெரிந்துவைத்திருந்தது அன்று கைகொடுத்தது. மருந்து போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது. ஏழாவது பிறந்தநாளன்று எமிலி கண் விழித்தாள்.

2017 ஆகஸ்டில் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி தந்தது. அறிவித்த விலை 4,75,000 டாலர். கேட்டால் நமக்கே காய்ச்சல் வரும். எல்லோருக்கும் பலிப்பதுமில்லை, சிலருக்கு நோய் திரும்புகிறது, கட்டியாக வளரும் புற்றுநோய்களிடம் இந்தச் செல்கள் இன்னும் திணறுகின்றன.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரப் பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் பேசாமல் எழுந்துபோய் ஒரு நோட்டை எடுத்துவந்தார். அவருக்கு நிணநீர்ப் புற்றுநோயாம்; இதே கார்-டி சிகிச்சைதான்.

“ஒரு சின்னப் பை. உள்ளே போக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இதற்கா இத்தனை வாரம் காத்திருந்தோம் என்று தோன்றியது” என்றார். அறை முழுக்க வேகவைத்த மக்காச்சோள வாசனை அடித்ததாம். உறைந்த செல்கள் கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் மூச்சில் வெளியேறும் வாசனை அது.

நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே வாக்கியம்: ‘என் நாய்க்கு மழை பிடிக்காது.’ இந்தச் சிகிச்சை மூளையையும் குழப்பக்கூடும் என்பதால் தினமும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வார்கள். பேச்சு தடுமாறும் முன்பே சிலருக்குக் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடுமாம்.

முதல் நான்கு பக்கங்களில் பள்ளி வாத்தியார் எழுத்து. ஐந்தாம் நாள் ‘நாய்’ வரைக்கும் வந்து, அதற்குப் பிறகு எழுத்துகள் மழையில் நனைந்த எறும்புகள் மாதிரி கீழ்நோக்கிச் சரிகின்றன. ஆறாம் நாள் வெறும் கோடுகள். விரலால் அந்தக் கோடுகளைத் தடவிப் பார்த்தேன்; பேனா தாளைக் கிழித்திருந்தது.

“இது நான் எழுதியதென்று எனக்கே ஞாபகமில்லை” என்றார்.

ஒன்பதாம் நாள் வாக்கியம் நிமிர்ந்துவிட்டது. அதன் கீழே, யாரும் எழுதச் சொல்லாத இன்னொரு வரி: ‘சூப் ஆறிப்போயிருக்கிறது.’