உயரத் தரவின் பூர்வீகம்

நிலவடிவ மாதிரி செய்ய வருகிற மாணவர்கள் முதலில் கேட்பது, “எந்த டெம் (எண்ணியல் உயர மாதிரி) எத்தனை மீட்டர்?” என்றுதான். பிக்சல் சிறிதானால் தரவு நுட்பமாகிவிடும் என்ற எண்ணம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. ஆய்வேடுகளில் அடிக்கடி தென்படும் ஆலோஸ் செயற்கைக்கோளின் 12.5 மீட்டர் பால்சார் உயரத் தரவைப் பாருங்கள். அது அந்தச் செயற்கைக்கோள் அளந்த உயரமே அல்ல. ரேடார் படத்தில் மலைச்சரிவுகளால் வரும் திரிபைத் திருத்தப் பயன்படுத்திய உயரத்தைக் கூடவே சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். நம் தமிழகப் பகுதிக்கு அது எஸ்ஆர்டிஎம் என்ற விண்கல ரேடார் அளவீட்டின் 30 மீட்டர் தரவுதான். கட்டம் சிறுத்திருக்கிறது, தகவல் கூடவில்லை.

அதனால் ஒவ்வொரு தரவின் பூர்வீகத்தையும் விசாரிக்க வேண்டும். எது அளந்தது, எப்போது அளந்தது, எந்த மட்டத்திலிருந்து அளந்தது?

எஸ்ஆர்டிஎம், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பயணத்தில் ரேடாரால் எடுத்தது. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையோரம் இன்று நிற்கும் அடுக்குமாடிகளில் பெரும்பாலானவை அப்போது இல்லை. நகரம் பரவுவதற்கு முந்தைய நிலத்தைத் தேடுகிறவருக்கு அது அரிய ஆவணம். இன்றைய வெள்ளத்தைக் கணிக்கிறவருக்குப் பழங்கதை. அதிலும் உயரம் முழு மீட்டர்களில்தான் இருக்கும். மெல்லச் சரியும் சமவெளியில் அது படிக்கட்டாக மாறி, நீரோட்டத்தைத் திசைதிருப்பிவிடும்.

கோபர்னிகஸ் 30 மீட்டர் தரவு, டான்டெம்-எக்ஸ் ரேடார் செயற்கைக்கோள் இணை 2011 முதல் 2015 வரை அளந்ததிலிருந்து பிறந்தது. உயரம் தசமத்தில் இருக்கிறது, நீர்நிலைகளும் திருத்தப்பட்டிருக்கின்றன. ஆனால் அது காட்டுவது தரையை அல்ல, மேற்பரப்பை. பிச்சாவரத்துச் சதுப்புக் காடு அதில் மேட்டுநிலமாக நிற்கும். மாதிரியில் கடல்நீர் அங்கே தடுக்கப்படும். மரத்தையும் கட்டடத்தையும் கழித்துத் தர பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபேப்டெம் இருக்கிறது. வணிகப் பணிக்கு அதன் உரிமம் இடம் தராது.

மட்டம் பற்றிய கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. எஸ்ஆர்டிஎம்மும் கோபர்னிகஸும் கடல்மட்டத்தை ஒட்டிய ஜியாய்டிலிருந்து உயரம் சொல்கின்றன. இஸ்ரோவின் கார்ட்டோடெம், பூமியின் வடிவத்துக்குப் பொருத்திய கணித நீள்வட்டத் திண்மத்திலிருந்து சொல்கிறது. உலகிலேயே ஜியாய்டு மிகவும் தாழ்ந்த பகுதி இலங்கைக்குத் தெற்கே இருப்பதால், தமிழகக் கடலோரத்தில் இந்த இரு மட்டங்களுக்கும் வித்தியாசம் 80 மீட்டருக்கு மேல். மட்டம் மாற்றாமல் இருவகைத் தரவையும் ஒட்டவைத்தால், இல்லாத ஒரு செங்குத்துப் பாறை வரைபடத்தில் முளைக்கும்.

எந்த இலவசத் தரவும் தராத ஒன்று உண்டு: ஏரிக்கரை. சில மீட்டர் அகலக் கரை, 30 மீட்டர் பிக்சலுக்குள் கரைந்துபோகும். மாதிரியில் ஏரி நீர் தடையின்றி வெளியேறும். கரையையும் கலங்கலையும் நேரில் அளந்து நாமே பதிக்க வேண்டும்.

என் தீர்ப்பு இது: சமவெளி வெள்ளப் பணிக்குக் கோபர்னிகஸில் தொடங்குங்கள், மரமும் கட்டடமும் அடர்ந்த இடத்தில், உரிமம் அனுமதித்தால், ஃபேப்டெம்முடன் ஒப்பிடுங்கள், பழைய நிலத்துக்கு எஸ்ஆர்டிஎம்மைப் பாருங்கள். எதை எடுத்தாலும் அதன் தேதி, மேற்பரப்பு, மட்டம் மூன்றையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த வரைபடத்தை நம்பி வீடு கட்டப்போகிறவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.