ஹாலே நகரில் ஓர் இரவு



1996-ஆம் ஆண்டு திருச்சபை வாலிபத் தொண்டனாக ஜெர்மனிக்குச் சென்றேன். ஹாலே நகரின் முதியோர் இல்லமொன்றில் பணி. சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடிக்கு வருமுன் பயின்ற நகரம் அது. அங்குள்ள காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளைக் கண்டு பெருமிதம் கொண்டேன். ஊழியம் செய்ய வந்தவன் என்னும் பெருமையும் கூடவே இருந்தது என்பதை மறைப்பானேன்?

அந்நாட்டில் டிசம்பர் 24 மாலையே பண்டிகை. ஆராதனை முடிந்ததும் குடும்பங்கள் வீடடைந்துவிடும், வீதிகள் வெறிச்சோடிவிடும். அன்று மாலைப்பணி எனக்கு வாய்த்தது. ஆலயத்துக்குப் போக இயலவில்லையே என்று உள்ளுக்குள் முறுமுறுத்தேன்.

எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரைக் காண எவரும் வரவில்லை. மேசையில் திருவருகைக் கால வளையத்தின் நான்கு மெழுகுவர்த்திகளும் எரிந்தன. "உன் தாயார் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார்?" என்று கேட்டார். நம் ஊரில் நள்ளிரவு கடந்திருக்கும். அம்மா முறுக்குச் சுட்டு முடித்து, விடியற்கால ஆராதனைக்குச் சேலையை எடுத்து வைத்திருப்பார். அரைகுறை ஜெர்மன் மொழியில் அதைச் சொல்லத் தொடங்கியவன் அழுதுவிட்டேன். அவர் நடுங்கும் கையால் என் கண்ணீரைத் துடைத்து, தம் தட்டிலிருந்த இனிப்பு ரொட்டியில் பாதியை எனக்குப் பிட்டுக் கொடுத்தார்.

அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் பனியைப் பற்றி மட்டுமே எழுதினேன்.