மஞ்சள் மாத்திரைக்குப் பணம் கட்டாதே

மதுரை

அன்புள்ள தம்பி சுடலைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீ போட்டோ எடுத்து அனுப்பிய மாத்திரை டப்பாவைப் பெரிதாக்கிப் பின்பக்கத்துப் பொடி எழுத்துவரை படித்துவிட்டேன். மஞ்சள் சாறு, மிளகு சாறு, வல்லாரை, அமுக்கரா. ஆறு மாதம் சாப்பிட்டால் தண்டுவட நரம்பு மறுபடி வளர்ந்துவிடும் என்று விற்பவர் சொன்னாராமே. போனில் பேசினால் பாதியிலேயே சண்டையில் முடியும், அதனால்தான் கடிதம்.

அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் எலிகளுக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. ஆனால் அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று கேள். எலியை மயக்கி, முதுகைத் திறந்து, 10 கிராம் எடையுள்ள சின்னக் கம்பியை 25 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து தண்டுவடத்தின் மேல் விழவிடுவார்கள். பெரும்பாலும் அடிபட்ட சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ மருந்தை ஊசியில் ஏற்றிவிடுவார்கள். பிறகு வாரக்கணக்கில், எலியைத் திறந்த தொட்டியில் விட்டு, இரண்டு பேர் 4 நிமிடம் நடையைப் பார்த்து 0 முதல் 21 வரை மதிப்பெண் போடுவார்கள். மருந்து ஏற்றிய எலிக்குச் சில மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கும்.

அடி விழுந்த கணத்தோடு சேதம் நிற்பதில்லை. அடுத்து வரும் மணி நேரங்களிலும் நாட்களிலும் வீக்கமும் அழற்சியும் பக்கத்தில் பிழைத்துக் கிடக்கும் நரம்பையும் அரிக்கின்றன. குர்குமின் தணிப்பது அந்த இரண்டாவது அழிவைத்தான். நீ சாரத்திலிருந்து விழுந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்த நேரம் கடந்துவிட்டதடா. இதை உனக்கு எழுத என் கை கூசுகிறது. தண்டுவடம் அடிபட்ட மனிதரை நடக்க வைக்கும் என்று நிரூபணமான மூலிகைப் பொருள் இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

அந்த டப்பாவில் எனக்குப் பயம் மிளகுச் சாற்றின் மேல். குர்குமின் தனியாக உடம்பில் மிகக் கொஞ்சமே ஏறும். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, அது ரத்தத்தில் சேரும் அளவு 2000 சதவீதம் கூடியது. விற்பவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் மற்ற மருந்துகளைக் கழிக்கும் கல்லீரல் வேலையையும் பைப்பரின் மந்தமாக்கும். நீ காலில் கட்டிய ரத்தத்துக்கு வார்ஃபரின் சாப்பிடுகிறவன். இதுவும் சேர்ந்தால் எங்காவது ரத்தம் கசியலாம். அமெரிக்காவில் மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளும் இருக்கின்றன. அம்மா வைக்கும் குழம்பும் ரசமும் வேறு, அதைத் தாராளமாகச் சாப்பிடு.

செடியை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்காதே. புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் தந்தது நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணி. உன் மருந்துப் பையிலேயே ஒன்று இருக்கிறது. காலையில் வெளிக்குப் போக வேண்டும் என்று ராத்திரி போட்டுக்கொள்கிறாயே, அந்த மாத்திரை நிலவாகையிலிருந்து வருவது. நம் திருநெல்வேலிச் சீமையில் விளைவதால் மருந்து நூல்களில் ‘டின்னவேலி சென்னா’ என்றே அதற்குப் பெயர். அதிலுள்ள சென்னோசைடைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் மாற்றிய பிறகுதான் குடல் அசையும். அதற்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால்தான் ராத்திரிக் கணக்கு. உன்னைப்போல் தண்டுவடம் அடிபட்ட எத்தனையோ பேர் அதை நம்பித்தான் காலையில் வெளியே கிளம்புகிறார்கள். என்னைக் கேட்டால், உன் நிலையில் ஒரு செடி செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்.

அந்தப் பணத்தில் வீல்சேருக்கு நல்ல காற்று மெத்தை வாங்கு. புட்டத்தில் புண் வந்தால் மாதக்கணக்கில் குப்புறக் கிடக்க நேரும். கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்வதை ஒரு நாளும் விடாதே. டப்பாவைத் திறந்து ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் என்னிடம் மறைக்க வேண்டாம், நான் திட்டமாட்டேன். இந்த வாரமே டாக்டரிடம் போய் டப்பாவைக் காட்டி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை செய்துகொள். முடிவு வந்ததும் எனக்கு போன் பண்ணு.

அன்புடன்,
அக்கா செல்வி