எது அசல் மெட்டு?

மேல்நாட்டு சங்கீத ரசிகர்கள் மீது எனக்கு ஒரு பொறாமை உண்டு. பியானோ ரசிகர்கள் இருவர் சந்தித்தால், ஒரே உருப்படியை யார் எப்படி வாசித்தார் என்று விடியும்வரை சண்டை போடலாம். சண்டை முற்றினால் எடுத்துப் பார்க்க அச்சிட்ட காகிதம் ஒன்று இருக்கிறது. பாஹ் 1741-ல் வெளியிட்ட 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' ஓர் உதாரணம். கனடாக்காரர் கிளென் கூல்ட் 1955-ல் அதை முப்பத்தெட்டு நிமிஷத்தில் பதிவு செய்து முடித்தார். 1981-ல் மறுபடி பதிவு செய்தபோது ஐம்பத்தொரு நிமிஷம் எடுத்துக்கொண்டார். சில பகுதிகளைத் திருப்பி வாசித்தது ஒரு காரணம். வயதும் யோசனையும் மற்ற காரணங்கள். இளமையின் ஓட்டமா, முதிர்ச்சியின் நிதானமா என்று கட்சி கட்டலாம். எழுதிவைத்த ஸ்வரம் எதுவென்பதில் மட்டும் தகராறு கிடையாது.

திருவனந்தபுரத்தில் உட்கார்ந்துகொண்டு சுவாதித் திருநாள் கீர்த்தனைகளின் பதிவுகளை ஒப்பிடுகிறவனுக்கு இந்த வசதி இல்லை. மகாராஜா 1813-ல் பிறந்து 1846-ல் மறைந்தார். முப்பத்துமூன்று வயது. தஞ்சாவூர் சகோதரர்களில் வடிவேலு முதலானவர்கள் அவர் அவையில் இருந்தார்கள். சாகித்தியங்கள் ஏட்டில் தங்கின. மெட்டுகளில் பல தொண்டையோடு போய்விட்டன. 1939-ல் இங்கே சங்கீத அகாடமி தொடங்கியபோது ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், பிறகு செம்மங்குடி சீனிவாசய்யரும், சேது பார்வதி பாயி மகாராணியின் ஆதரவில் இந்தக் கீர்த்தனைகளைத் தேடித் திருத்தி, மெட்டில்லாதவற்றுக்கு மெட்டுப் போட்டு மேடை ஏற்றினார்கள். ஒருவர் திருநெல்வேலிச் சீமை, இன்னொருவர் தஞ்சாவூர்ச் சீமை. கேரளத்தின் பெருமையைத் தூக்கி நிறுத்தியதில் தமிழ்நாட்டு வித்வான்களின் பங்கைப் பற்றி இந்த ஊரில் கொஞ்சம் அடக்கமாகத்தான் பேசவேண்டியிருக்கிறது.

'பாவயாமி ரகுராமம்' இதற்கு நல்ல சாட்சி. மகாராஜா இதை அமைத்தது சாவேரி ராகத்தில். ஆறு காண்டங்களுக்கு ஆறு சரணம். செம்மங்குடி பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் சாவேரியை வைத்துக்கொண்டு, சரணங்களை நாட்டைக்குறிஞ்சி, தன்யாசி, மோகனம், முகாரி, பூர்விகல்யாணி, மத்யமாவதி என்று ராகமாலிகையாக்கினார். இன்று ஊரறிந்த 'பாவயாமி' இதுதான். ராமன் காட்டுக்குப் போகிற அயோத்தியா காண்டத்துக்கல்லவா முகாரி வரவேண்டும் என்று முதலில் தோன்றும். சீதையைப் பறிகொடுத்துத் தேடுகிற ஆரண்ய காண்டத்துக்கு மோகனமா என்றும் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் ராகங்களை ரசத்துக்கு ஒன்றாக ஒட்டாமல், ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது காதுக்கு என்ன நேர்கிறது என்று பார்த்துத்தான் அவர் அடுக்கியிருக்க வேண்டும். தன்யாசியின் கனத்துக்குப் பிறகு மோகனம் வரும்போது, ஜன்னலைத் திறந்ததுபோல் இருக்கிறது.

இதன் பதிவுகளில் எது உயர்ந்தது என்பதில் எனக்கும் கரமனை அக்ரஹாரத்து மாமா ஒருவருக்கும் பல வருஷத்து வழக்கு. எம்.எஸ். சுப்புலக்ஷ்மியின் இசைத்தட்டு என் கட்சி. செம்மங்குடியின் கச்சேரிப் பதிவுகள் அவர் கட்சி. எம்.எஸ்.ஸுக்குப் பாடாந்தரம் செம்மங்குடியிடமிருந்தே வந்தது. எனவே இது குருவுக்கும் சிஷ்யைக்கும் இடையிலான வழக்கு என்றும் சொல்லலாம்.

எம்.எஸ். பாடும்போது சுருதி என்பது தனியாக ஒரு பக்கத்தில் இருப்பதாகவே தெரியாது. சாகித்தியத்தின் ஒவ்வொரு எழுத்தும் துலக்கிவைத்த வெண்கலப் பாத்திரம்போல் இருக்கும். சம்ஸ்கிருதம் அறியாதவனுக்கும் எங்கே சொல் முடிகிறது என்று புரியும். செம்மங்குடியிடம் இதெல்லாம் கிடையாது. மூக்கிலிருந்து புறப்படும் சாரீரம். மேல் ஸ்தாயிக்குப் போக அவர் படும் பாடு ஒலிபெருக்கியிலும் கேட்கும். ஆனால் போய்ச் சேர்ந்துவிடுவார். அந்தப் போய்ச் சேருதலில்தான் மாமாவுக்கு மோகம். "சாரீரம் கேக்கணும்னா அந்த அம்மா. பாட்டு எப்படிக் கட்டியிருக்குன்னு பாக்கணும்னா இவர்" என்பார். எம்.எஸ்.ஸிடம் வீடு கட்டி முடித்து வெள்ளையடித்துவிட்டார்கள். செம்மங்குடியிடம் சாரம் இன்னும் நிற்கிறது, கொத்தனார் எங்கே காலை வைத்தார் என்று தெரிகிறது என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பூர்விகல்யாணியில் சுந்தர காண்டம் வரும்போது நான் எம்.எஸ்.ஸை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

என் கவலை வேறு. மாமாவின் பேத்தி இந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டாள். டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி ஓரிடத்தில் சங்கதி கொஞ்சம் மாறியிருந்தது. போட்டி ஒன்றுக்குப் போனவளிடம் நடுவர் ஒருவர் "ரெக்கார்டில் அப்படி இல்லையே" என்றாராம். பரிசு போனது பெரிய விஷயமல்ல. மெட்டுப் போட்டது ஒரு மனிதர், அதுவும் நேற்று. அவரே ஒரு கச்சேரியில் பாடியதுபோல் அடுத்ததில் அப்படியே பாடமாட்டார். அதன் ஒரு நாள் உருவத்தை எந்திரம் பிடித்து வைத்தது. இப்போது அந்த ஒரு நாள்தான் அசல் என்றாகிவிட்டது. பாஹ் எழுதிய காகிதம்கூட வாசிப்பவருக்கு இத்தனை கட்டளை போடுவதில்லை. எவ்வளவு வேகம் என்பதைக்கூடப் பெரும்பாலும் அவர் கையில் விட்டுவிடுகிறது. எங்கள் இசைத்தட்டு மூச்சு விடுகிற இடத்தையும் சேர்த்து விதிக்கிறது.

வீணை எஸ். பாலசந்தர் 1980-களில் இன்னும் பெரிய குண்டைப் போட்டார். சுவாதித் திருநாள் வாக்கேயக்காரரே அல்ல என்கிற அளவுக்கு வாதாடினார். செம்மங்குடி மீதும் பாய்ந்தார். இந்த ஊர் கொதித்துப்போனது. அவர் சொன்ன முடிவு எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் மெட்டு யாருடையது என்று கேட்டாரே, அந்தக் கேள்வியை அவமரியாதை என்று தள்ளிவிட முடியாது. 'பாவயாமி' பாடுகிறவர்கள் மகாராஜாவின் பெயரோடு செம்மங்குடியின் பெயரையும் மேடையில் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பதிவுகளை ஒப்பிட்டு அலுத்தவர்கள் புரட்டாசியில் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்கு வரவேண்டும். கம்பர் வழிபட்டதாகச் சொல்லப்படும் சரஸ்வதி பத்மநாபபுரத்திலிருந்து புறப்பட்டு, வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் துணைவர, இங்கே வந்து கொலுவிருப்பாள். 1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அவள் வருஷாவருஷம் எல்லை தாண்டி வந்துபோகிறாள். கச்சேரி மாலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியும். கைதட்டல் கிடையாது. முதல் நாள் சங்கராபரணம், அடுத்து கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. தானத்துக்கு மிருதங்கம் சேர்ந்து வாசிப்பது இங்கத்திய வழக்கம். பாட்டும் ராகமும் மாறாது. பாடுகிறவர் மட்டும் மாறுவார். போன வருஷத்துத் தோடியை மனசில் வைத்துக்கொண்டு இந்த வருஷத்துத் தோடியைக் கேட்பதுபோல் ஒப்பிடும் வித்தை வேறெங்கும் கற்க முடியாது.

அந்த மேடையில் பெண் குரல் கேட்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அகாடமியில் படித்து அங்கேயே கற்பித்த பாறசாலை பொன்னம்மாள்தான் முதலில் பாடினார். அப்போது எண்பதைத் தாண்டியிருந்தார். 2021-ல் மறைந்தார். அவரைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: அவசரம் என்பதே கிடையாது. ராகத்தை எங்கும் எட்டிப் பிடிக்கமாட்டார். அது வந்து சேரும்வரை இருப்பார். யாருடைய இசைத்தட்டையும் அவர் பின்தொடரவில்லை; தொடர வேண்டிய அவசியமும் இல்லை, பாடம் நேரே கிடைத்தவர்.

எம்.எஸ்., செம்மங்குடி வழக்கில் மாமாவும் நானும் ஒத்துப்போன இடம் பொன்னம்மாள் ஒன்றுதான். முழுக்கச் சாவேரியில் 'பாவயாமி'யை அவர் பாடிக் கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு நாள் சொன்னேன். மாமா பதில் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, பாலகாண்டச் சரணத்தைச் சாவேரியில் முனகிப் பார்த்தார். நாலு வரிக்குள் இரண்டு முறை நாட்டைக்குறிஞ்சிக்குள் போய்விட்டு, "பழகிப்போச்சே" என்றார்.